ஏற்றத்தில் குதிக்கும் பின் ஆக்சிலும் டிராக்ஷன் பாரும்

உங்கள் வண்டியில் லீஃப் ஸ்பிரிங்கை (பட்டைகளை அடுக்கிச் செய்த ஸ்பிரிங்) ஆக்சிலுக்கு மேலே ஏற்றிவிட்டு, 29 அங்குல டயர் இருந்த இடத்தில் 33 அங்குலம் போட்டிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு பாறை ஏற்றங்களில் பின்பக்கம் தடதடவென்று குதிக்கிறது. புரொபெல்லர் ஷாஃப்ட்டின் (சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் தண்டு) பின்பக்க கிராஸ், அதாவது வளைந்து கொடுக்கும் இணைப்பு, இரண்டு தடவை உடைந்துவிட்டது. இரண்டு பக்கமும் டிராக்ஷன் பார் (ஆக்சில் சுழலாமல் பிடிக்க அதிலிருந்து சேஸிஸுக்குப் போகும் தண்டு) வைத்து வெல்டு அடித்துவிடலாம் என்று பட்டறையில் சொல்கிறார்கள், வைத்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: இப்போது ஒரு சக்கரம் பாறைமேல் ஏறினால் மற்றது பள்ளத்தில் இறங்கித் தரையைத் தொடுகிறது, பார் வைத்தால் அது போய்விடுமோ என்று. என் கணக்கில் நீங்கள் உண்மையில் கேட்பது அதைத்தான். ஆக்சில் முறுக்கிக்கொள்வதை பார் நிறுத்துமா என்றால் நிறுத்தும், அதில் சந்தேகமே இல்லை. சக்கரம் ஏறி இறங்குவதைக் கெடுக்காமல் நிறுத்துமா என்பது நீங்கள் அதை எப்படி மாட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

சுருக்கமாகச் சொன்னால், ஒரே ஒரு பார் போதும். அது நீளமாக இருக்க வேண்டும். முன் முனை சேஸிஸில் நேராக மாட்டப்படாமல் ஒரு ஷாக்கிளில் (இரு முனையிலும் ஆடிக் கொடுக்கும் சின்ன இணைப்புத் துண்டு) இருக்க வேண்டும், அந்த முனையில் பக்கவாட்டில் திரும்பிக் கொடுக்கிற ஜாயின்ட் வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டு பார், இரு முனையிலும் சாதாரண புஷ் (ரப்பர் உறை) என்ற ஏற்பாடு நேர்கோட்டுப் பந்தய வண்டிக்குச் சரி, உங்கள் வண்டிக்கு வேண்டாம். பல வருடமாக லீஃப் ஸ்பிரிங் வண்டிகளின் அடிப்பாகத்தில்தான் என் வேலை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கிவிடுகிறேன், அப்போது பட்டறைக்காரரிடம் நீங்களே பேசலாம்.

முதலில் நடப்பது என்ன என்று பார்ப்போம். பினியன் (ஷாஃப்ட்டோடு சுழலும் சின்னப் பல்சக்கரம்) கிரவுன் வீலை (ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம்) சுழற்றிச் சக்கரத்தை முன்னோக்கித் தள்ளும்போது, அதே அளவு விசை ஆக்சில் ஹவுசிங்கை எதிர்த்திசையில் சுற்றப் பார்க்கிறது. முன்னோக்கிப் போகும்போது பின் ஆக்சிலின் பினியன் மூக்கு மேலே எழும். பிரேக் அடித்தாலும் ரிவர்ஸில் ஏறினாலும் அது கீழே குனியும். இந்தச் சுழற்சியைத் தடுக்க உங்கள் வண்டியில் லீஃப் ஸ்பிரிங்கைத் தவிர வேறு எதுவும் கிடையாது. சுமையைத் தாங்குவது, ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்து வைப்பது, சக்கரத்தின் தள்ளுவிசையை சேஸிஸுக்குக் கொண்டுபோவது, முறுக்கைத் தாங்குவது என எல்லா வேலையும் அந்தப் பட்டைகளின் தலையில்தான். முறுக்கு அதிகமானால் ஸ்பிரிங்கின் முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி எதிர்ப்பக்கமும் வளைந்து ஆங்கில எஸ் எழுத்து மாதிரி ஆகிவிடும். டயர் ஒரு நொடி பிடி விட்டதும் சேர்த்துவைத்த விசையோடு பட்டை நிமிரும், ஆக்சில் சடாரென்று பழைய நிலைக்குத் திரும்பும், டயர் மறுபடி பிடிக்கும், மறுபடி முறுக்கும். வினாடிக்குள் பல தடவை நடக்கும் இந்தச் சுற்றைத்தான் நீங்கள் குதிப்பு என்கிறீர்கள்.

இந்த முறுக்கின் அளவை எஞ்சினை வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம், அது பாதிதான் உண்மை. 250 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சின், முதல் கியர் 4, டிரான்ஸ்ஃபர் கேஸின் (இழுவையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) லோ ரேஞ்ச் 2.5, டிஃபரன்ஷியல் 4 என்று பெருக்கினால் 10,000 நியூட்டன் மீட்டர் வரும். ஆனால் அவ்வளவு வரும் முன்பே டயர் வழுக்கிவிடும். உச்சவரம்பை வைப்பது டயரின் பிடிமானம்தான். ஏற்றத்தில் பின் ஆக்சிலில் 1,000 கிலோ சுமை, காய்ந்த பாறையில் உராய்வு 0.8 என்று வைத்துக்கொண்டால் தரையில் டயர்கள் தள்ளும் விசை சுமார் 7,850 நியூட்டன். இந்த விசை ஸ்பிரிங் உட்காரும் இடத்திலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறதோ, அந்தத் தூரம்தான் ஸ்பிரிங்கை முறுக்கும் நெம்புகோல்.

உங்கள் வண்டி மாறியது இந்த இடத்தில்தான். பழைய அமைப்பில் ஸ்பிரிங் ஆக்சிலுக்குக் கீழே இருந்தது. 29 அங்குல டயரின் ஆரம் ஏறக்குறைய 37 செ.மீ., ஸ்பிரிங் ஆக்சில் மையத்துக்கு 6 செ.மீ. கீழே என்று வைத்தால் நெம்புகோல் 31 செ.மீ. இப்போது 33 அங்குல டயர், ஆரம் 42 செ.மீ. ஸ்பிரிங் மையத்துக்கு 7 செ.மீ. மேலே போய்விட்டது. ஆக மொத்தம் 49 செ.மீ. எஞ்சினில் ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடாமல் ஸ்பிரிங்மேல் விழும் முறுக்கை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆக்கிவிட்டீர்கள். இது போதாதென்று உயரத்துக்காக ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் 10 செ.மீ. பிளாக் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது 59 செ.மீ. ஆகிவிடும். பின் ஆக்சிலில் உயரமான பிளாக் வைத்த வண்டிகள் முறுக்குப் பிரச்சினையோடு திரும்பத் திரும்ப வருவதற்கு இதுதான் காரணம். டிஃபரன்ஷியல் லாக் (இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்றவைப்பது) போட்டிருந்தால் இன்னும் கூடும், ஏனென்றால் ஒரு டயர் வழுக்கினாலும் மற்றது பிடித்துத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

கிராஸ் ஏன் உடைகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. ஆக்சில் 10 டிகிரி முறுக்கிக்கொண்டால், மையத்திலிருந்து 30 செ.மீ. முன்னால் இருக்கும் பினியன் ஃபிளாஞ்ச் 5 செ.மீ. மேலே போகும். கிராஸ் ஜாயின்ட் ஒரு கோணத்தில் சுற்றும்போது ஒரே சீரான வேகத்தைக் கடத்தாது. 20 டிகிரியில் ஒரு சுற்றுக்குள்ளேயே வேகம் 6 சதவீதம் கூடிக் குறையும், 30 டிகிரியில் 13 முதல் 15 சதவீதம் வரை போகும். ஷாஃப்ட்டின் இரு முனையிலும் கோணம் ஒன்றாக இருந்தால் ஒன்றை ஒன்று சமன் செய்துவிடும். முறுக்கும்போது பின் கோணம் மட்டும் மாறுவதால் அந்தச் சமன் போய்விடுகிறது. அதிக டார்க், கெட்ட கோணம், மேலே குதிப்பின் அடி என்று மூன்றும் ஒரே நொடியில் சேருகின்றன. அப்போது பலவீனமான இடம் உடைகிறது. உங்களுக்கு கிராஸ், இன்னொருவருக்கு மெயின் பட்டை அல்லது சென்டர் போல்ட் (பட்டைகளை நடுவில் கோக்கும் போல்ட்). பெரிய கிராஸாக மாற்றினால் உடையும் இடம் பினியனுக்கோ டிரான்ஸ்ஃபர் கேஸுக்கோ இடம் மாறும், அவ்வளவுதான்.

வெல்டிங் மெஷினை எடுக்கும் முன், குதிப்புக்குக் காரணம் முறுக்குதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அறிகுறி ஒத்துப்போகிறது என்றாலும் நான் வண்டியைப் பார்க்கவில்லை. யூ போல்ட் (ஸ்பிரிங்கை ஆக்சிலோடு இறுக்குபவை) நான்கும் சரியான இறுக்கத்தில் இருக்கிறதா, சென்டர் போல்ட் முழுசாக இருக்கிறதா, முன் கண் (ஸ்பிரிங்கின் முன்முனை வளையம்) புஷ் கிழிந்திருக்கிறதா, பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புகள் இருக்கின்றனவா, ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள். ஷாக் செத்துப்போன வண்டியும் ஏறக்குறைய இதே மாதிரிதான் குதிக்கும். அப்புறம் ஒரு சின்ன கேமராவை சேஸிஸில் இறுக்கமாகக் கட்டி, பினியனும் ஸ்பிரிங்கின் முன்பாதியும் தெரிகிற மாதிரி வைத்து வழக்கமான ஏற்றத்தில் ஏறுங்கள். யாரையும் வண்டிக்கு அடியிலோ பக்கத்திலோ நின்று பார்க்கச் சொல்லாதீர்கள். அந்தப் பதிவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும்: முறுக்கு என்றால் குதிப்பு ஆரம்பிக்கும் முன்பே பினியன் மூக்கு எழும்பி நிற்கும், முன்பாதிப் பட்டை மேல்நோக்கிப் புடைக்கும். பினியன் ஆடாமல் ஆக்சில் மட்டும் மேலும் கீழும் துள்ளினால் ஷாக்கையும் டயர் காற்றையும் கவனியுங்கள், பார் வாங்க வேண்டாம்.

முறுக்குதான் என்று தெரிந்துவிட்டால், பார் இல்லாமலும் சில வழிகள் உண்டு. தடிமனான ஸ்பிரிங் போடலாம். முறுக்கு குறையும், ஆனால் சக்கரம் இறங்கிக் கொடுப்பதும் குறையும். நீங்கள் காப்பாற்ற நினைப்பதே அதைத்தான். முன்பாதிக்கு மட்டும் ஒரு கூடுதல் பட்டை சேர்த்து, முன்பாதிக் கிளிப்புகளை இறுக்குவது இதைவிட நல்ல யோசனை. முறுக்கும்போது அதிகம் பாடுபடுவது நிலையான கண் இருக்கும் முன்பாதிதான். ஆக்சிலை நடுவில் வைக்காமல் முன்னுக்குத் தள்ளி, முன்பாதியைக் குட்டையாக, விறைப்பாக விடும் வழக்கம் கிரைஸ்லர் கார்களில் வெகுகாலம் இருந்தது. லேசான முறுக்குக்கு இது போதும். உங்கள் நெம்புகோல் கணக்குக்குப் போதாது என்றே நினைக்கிறேன். ஸ்பிரிங்குக்கு அடியில் இறுக்கி, முன் கண்ணுக்குக் கீழே ரப்பர் கட்டையோடு முடிகிற பார்களும் கிடைக்கும். சாலைக் காருக்கு அவை எளிய தீர்வு. பாறையில் அவை ஆக்சிலுக்கும் கீழே தொங்கி முட்டும், ஒரு திசையில்தான் வேலை செய்யும். ரிவர்ஸில் ஏறும்போது கைவிட்டுவிடும்.

இந்தப் பிரச்சினைக்கான விடை கார் அளவுக்கே பழையது. 1908இல் வந்த ஃபோர்ட் மாடல் டியில் புரொபெல்லர் ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள் ஓடியது. அந்தக் குழாயின் பின்முனை ஆக்சிலோடு விறைப்பாகச் சேர்ந்திருக்கும், முன்முனை கியர்பெட்டியின் பின்னால் ஓர் உருண்டை ஜாயின்டில் திரும்பும். முறுக்கைத் தாங்குவது குழாய், சுமையைத் தாங்குவது ஸ்பிரிங். பிறகு எடையும் செலவும் குறைய வேண்டும் என்று குழாயை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் லீஃப் ஸ்பிரிங்கிடம் ஒப்படைத்த ஹாட்ச்கிஸ் முறை பரவியது, உங்கள் வண்டியும் அந்த வகைதான். டிராக்ஷன் பார் வைப்பது, எடுத்துவிட்ட அந்தக் குழாயைத் திரும்பக் கொண்டுவருவது. ஆக்சிலில் விறைப்பான பிடி, முன்னால் ஒரே இடத்தில் எல்லாப் பக்கமும் திரும்பும் முனை. இந்த உருவத்தை மனதில் வைத்துக்கொண்டால் பார் எப்படி இருக்க வேண்டும் என்பதில் குழப்பமே வராது.

இப்போது இரண்டு பார் விஷயம். வலது சக்கரம் 15 செ.மீ. மேலே போய், இடது 15 செ.மீ. கீழே போகிறது என்று வையுங்கள். வலது பார் ஹவுசிங்கின் மூக்கைக் குனியச் சொல்லும். இடது பார் நிமிரச் சொல்லும். ஹவுசிங் ஒரே இரும்பு, இரண்டு கோணத்தில் ஒரே நேரத்தில் நிற்க முடியாது. ஆகவே புஷ் நசுங்கும், பிராக்கெட் விரியும், அதற்கும் மேலே போனால் ஆக்சிலே ஒரு தடித்த ஆன்டி ரோல் பார் (வண்டி சாயாமல் இருக்க இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) ஆகி இரண்டு சக்கரத்தையும் ஒன்றாக இழுக்கும். உங்கள் பயம் நியாயமானதுதான், இரண்டு பார் வைத்தால் சக்கரம் இறங்குவது கட்டாயம் குறையும். ஒரே பார் இருந்தால் இந்தச் சண்டைக்கே இடமில்லை. ஹவுசிங் ஒரு கோணத்தைத்தான் கேட்கும், ஒரு பார்தான் சொல்லும். வலிமை போதுமா என்று பட்டறையில் கேட்பார்கள். போதும், கணக்கைக் கீழே தருகிறேன்.

அந்த ஒற்றை பாரை எந்தப் பக்கம் வைப்பது? டிஃபரன்ஷியலுக்குப் பக்கத்தில், நீளமான ஆக்சில் குழாய் இருக்கும் பக்கம் வைப்பது வசதி, இடமும் கிடைக்கும். வலது பக்கம் இடம் இருந்தால் ஒரு சின்ன லாபமும் உண்டு. பெரும்பாலான வண்டிகளில் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் சுழற்சி வலது பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கும். முன்னோக்கி இழுக்கும்போது பார் ஆக்சிலைக் கீழே அழுத்துவதால் அந்தப் பக்கம் அழுத்தினால் ஓரளவு ஈடாகிவிடும். 1967 கமாரோவின் சில வகைகளில் வலது பக்கம் மட்டும் ஒரு பார் வைத்தே விற்றார்கள். இதற்காகவென்று எக்ஸாஸ்ட்டையோ பெட்ரோல் டாங்க்கையோ இடம் மாற்றும் அளவுக்குப் போக வேண்டாம், கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஷாக்கிள் எதற்கு என்றால், லீஃப் ஸ்பிரிங் தட்டையாகும்போது ஆக்சில் பின்னோக்கி நகரும், வளையும்போது முன்னோக்கி வரும். பாரின் முன்முனையை சேஸிஸில் நேராகப் பூட்டிவிட்டால் ஆக்சில் பாரின் வட்டத்தில்தான் ஓட முடியும். ஸ்பிரிங்கோ தன் வட்டத்தில் ஓடச் சொல்லும். இரண்டும் மோதும்போது ஒரு பள்ளத்திலேயே புஷ் போய்விடும், சில மாதங்களில் பிராக்கெட் கிழியும். நடுவில் ஷாக்கிள் இருந்தால் முன்முனை முன்னும் பின்னும் தாராளமாக நகரும், மேலும் கீழும் மட்டும் நகராது. முறுக்கைத் தடுக்க நமக்குத் தேவை அது மட்டும்தான். ஆக்சிலை முன்பின்னாகப் பிடித்து வைக்கும் வேலை ஸ்பிரிங்கிடமே இருக்கட்டும்.

ஷாக்கிளின் நிலையில் கவனம் வேண்டும். வண்டி சமதரையில் சாதாரண சுமையோடு நிற்கும்போது அது செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்ந்து நின்றால் பாரில் வரும் மேல்விசையில் ஒரு பங்கு ஆக்சிலை முன்னோ பின்னோ தள்ளும். 330 கிலோ விசையில் (இந்த எண் வந்த கணக்கு கீழே) ஷாக்கிள் 20 டிகிரி சாய்ந்திருந்தால் 120 கிலோ அளவுக்குத் தள்ளும், ஓட்டுபவருக்கு அது ஸ்டீயரிங்கிலேயே தெரியும். நீளம் குறைவாக இருந்தால் ஆட்டத்தின் கடைசியில் படுத்துக்கொண்டு, திரும்பி வராமல் மடங்கியும் விடும். சஸ்பென்ஷனை முழுசாக ஏற்றி இறக்கி, பாரின் முன்முனை எவ்வளவு நகர்கிறது என்று அளந்த பிறகுதான் ஷாக்கிளை வெட்ட வேண்டும். ஷாக்கிள் குறுக்குச் சட்டத்திலிருந்து தொங்க வேண்டுமா, அதன்மேல் நிற்க வேண்டுமா என்பதில் தொழிலில் இருப்பவர்களே இரண்டு கட்சி. நிற்க வைத்தால் முன்னோக்கி ஏறும்போது அது இழுபடும், இழுபடும் ஷாக்கிள் தானாகவே நேராக நிற்கப் பார்க்கும் என்பதால் எனக்கு அது பிடிக்கும். தொங்கும் ஷாக்கிளோடு நன்றாக ஓடுகிற வண்டிகளும் நிறைய. இதில் ஒன்று தவறு என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

அதே முனையில் அடுத்த தேவை, பக்கவாட்டுத் திருப்பம். ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கும்போது ஆக்சில் சாய்கிறது, அதோடு விறைப்பாகச் சேர்ந்த பாரும் தன் நீளத்தைச் சுற்றித் திரும்புகிறது. ரப்பர் புஷ் இந்தத் திருப்பத்துக்குக் கொஞ்சம்தான் விட்டுக்கொடுக்கும். அங்கே உருண்டை ஜாயின்ட் வேண்டும். ஹைம் ஜாயின்ட் இறுக்கமாக, துல்லியமாக இருக்கும், ஆனால் மண்ணும் தண்ணீரும் போய் சீக்கிரம் ஆட்டம் கண்டு சத்தம் போடும். உள்ளே உருண்டையும் சுற்றி யூரித்தேனும் இருக்கும் ஜானி ஜாயின்ட் வகை கிரீஸ் வைத்துப் பராமரித்தால் நீண்ட நாள் உழைக்கும். சேற்றிலும் ஓடும் வண்டி என்றால் இரண்டாவதையே போடுங்கள்.

நீளத்தில்தான் பெரும்பாலான ரெடிமேட் பார்கள் சறுக்குகின்றன. பார் ஹவுசிங்கின் கோணத்தைத் தன் வட்டத்துக்கு ஏற்ப மாற்றும். ஆக்சில் 15 செ.மீ. மேலே போனால், 1.2 மீட்டர் பாரில் ஹவுசிங் 7 டிகிரி திரும்பும், 70 செ.மீ. பாரில் 12 டிகிரி. இந்தத் திருப்பத்தை ஸ்பிரிங் விரும்பவில்லை. முறுக்கைத் தடுக்க வைத்த குட்டை பாரே பட்டையை எதிர்ப்பக்கம் முறுக்க ஆரம்பித்துவிடும். சக்கரம் இறங்குவதும் விறைக்கும். பாரின் நீளம் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் நீளத்துக்கு அருகில் இருந்து, முன்முனை முன் கிராஸுக்குப் பக்கத்தில் வந்தால் இன்னொரு நன்மையும் கிடைக்கும். ஆக்சில் ஏறி இறங்கும்போது ஷாஃப்ட்டும் பாரும் ஒன்றாகச் சாய்வதால் பின் கிராஸின் கோணம் ஏறக்குறைய மாறாமல் நிற்கும். இரண்டு தடவை கிராஸ் உடைத்தவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இப்போது விசைக் கணக்கு. 7,850 நியூட்டன், 49 செ.மீ. நெம்புகோல் என்றால் சுமார் 3,850 நியூட்டன் மீட்டர் முறுக்கு. 1.2 மீட்டர் பார் என்றால் முன்முனை சேஸிஸை 3,200 நியூட்டன், அதாவது 330 கிலோ அளவுக்கு மேலே தள்ளும். 70 செ.மீ. பார் என்றால் 560 கிலோ. இது வலிமைக்கான எண் மட்டுமில்லை. அந்த விசை வண்டியின் பின்பக்கத்தைத் தூக்குகிறது. 1,000 கிலோ தாங்கிக்கொண்டிருக்கும் ஸ்பிரிங்கிலிருந்து 560 கிலோவைக் கழித்துப் பாருங்கள், ஏற்றத்தில் வண்டியின் பின்புறம் எழும்பி, தொடங்கிய குதிப்பை வேறொரு வடிவில் திரும்பக் கொண்டுவரும். பார் போட்டும் குதிக்கிறது என்று வருகிறவர்களின் வண்டியில் நான் முதலில் அளப்பது பாரின் நீளத்தைத்தான்.

முன்முனையில் 330 கிலோதானே என்று பின்முனையில் ஏமாந்துவிடக் கூடாது. பார் ஆக்சிலை மேலும் கீழுமாக இரண்டு இடத்தில் பிடிக்கும், அந்த இரண்டுக்கும் இடையே 20 செ.மீ. என்றால் ஒவ்வொரு போல்ட்டிலும் 19,000 நியூட்டனுக்கு மேல், கிட்டத்தட்ட இரண்டு டன், ஒன்று இழுக்கும், ஒன்று தள்ளும். இது சீராக ஏறும்போது. டயர் வழுக்கி மறுபடி பிடிக்கும் அடியில் இதைப்போல் மூன்று மடங்கு வரும் என்று எடுத்துக்கொண்டுதான் நான் பிராக்கெட் செய்வேன். ஆகவே மேல், கீழ் பிடிகளுக்கு இடைவெளியைக் கூட்டுங்கள். இரு பக்கமும் தகடு இருக்கும் பிராக்கெட்டாக இருக்கட்டும், ஒரு பக்கத் தகட்டில் போல்ட்டைத் தொங்கவிடாதீர்கள். 14 அல்லது 16 மி.மீ. போல்ட், 10.9 கிரேடு போதும். போல்ட் அறுந்துபோவது அரிது. துளை கொஞ்சம் பெரிதாக இருந்து, தடக் தடக் என்று அடித்து முட்டை வடிவமாகிவிடுவதுதான் அடிக்கடி நடப்பது. ஆகவே துளையை கேஸ் கட்டரால் எரிக்காமல் டிரில் போட்டுச் சரியான அளவில் செய்யச் சொல்லுங்கள்.

மேல், கீழ் என்று இரண்டு குழாயால் ஆகும் பாருக்கு நல்ல தடித்த குழாய் எடுங்கள். பாறையில் உரசும் கீழ்க்குழாய்க்கு 45 முதல் 50 மி.மீ. விட்டமும் 6 மி.மீ. சுவரும் இருந்தால் நிம்மதி, மேல்குழாய் அதைவிட லேசாக இருக்கலாம். முடிந்தவரை பாரின் அடி ஆக்சில் குழாய்க்குக் கீழே இறங்காமல் வடிவமைக்கச் சொல்லுங்கள். பிராக்கெட்டை ஆக்சில் குழாயில் வெல்டு செய்ய வேண்டும், வார்ப்பிரும்பு டிஃபரன்ஷியல் ஹவுசிங்கில் அல்ல. வார்ப்பை வெல்டு செய்வது தனி வித்தை, சூடும் ஆறவிடும் வேகமும் சரியாக இல்லாவிட்டால் பக்கத்திலேயே விரிசல் விடும். குழாயிலும் ஒரே மூச்சில் சுற்றி அடித்தால் சூட்டில் ஆக்சில் வளைந்துவிடும், அப்புறம் ஆயில் சீலும் பேரிங்கும் போய்க்கொண்டே இருக்கும். சின்னச் சின்னத் துண்டாக, மாற்றி மாற்றி, ஆறவிட்டு அடிக்க வேண்டும். முன்முனைக்கு கியர்பெட்டி உட்காரும் குறுக்குச் சட்டத்தைப் பயன்படுத்தாதீர்கள், அது மேல்நோக்கி வரும் இந்த அடிக்காகச் செய்யப்பட்டதல்ல. சேஸிஸின் இரு பக்கத்தையும் இணைக்கும் தனிச் சட்டம் ஒன்று போடுங்கள், கழற்றக்கூடியதாக இருந்தால் கிளட்ச் வேலைக்கு வசதி.

வெல்டு வைக்கும் முன் பினியன் கோணத்தை முடிவு செய்துவிட வேண்டும், பார் அதைப் பூட்டிவிடும். இரண்டு பக்கமும் சாதாரண கிராஸ் உள்ள ஷாஃப்ட் என்றால் பினியன், டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளித்தண்டுக்கு இணையாக இருக்கட்டும். முன்பக்கம் இரட்டை கிராஸ் உள்ள ஷாஃப்ட் என்றால் பினியன் நேராக ஷாஃப்ட்டைப் பார்க்க வேண்டும். முறுக்கு வரும் என்று முன்கூட்டியே மூக்கை இரண்டு மூன்று டிகிரி குனிய வைக்கும் பழக்கம் பார் இல்லாத வண்டிக்கானது. பார் வந்த பிறகு புஷ்ஷின் நெகிழ்வுக்கு ஒரு டிகிரி விட்டால் தாராளம். நெடுஞ்சாலை வேகத்தில் அதிர்வு இருக்குமா என்பதை ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும், முழு வெல்டுக்குப் பிறகு கோணத்தை மாற்றுவதோ கடினம், அதனால் பிராக்கெட்டைப் பொட்டு வெல்டு மட்டும் வைத்து, கோணத்தை மறுபடி அளந்துவிட்டு முழு வெல்டுக்குப் போகச் சொல்லுங்கள். பொட்டு வெல்டோடு வண்டியை ஓட்டக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதை எல்லாம் செய்தால் பினியன் எழும்புவது நிற்கும், கிராஸின் ஆயுள் கூடும், ஸ்பிரிங் எஸ் வடிவத்தில் மடங்குவது நிற்கும். இவற்றை உறுதியாகச் சொல்லலாம். குதிப்பு முழுசாக நிற்குமா என்பது அவ்வளவு உறுதியில்லை. டயரின் பக்கச் சுவரும் ஷாக்கும்கூடக் குதிப்பில் பங்கு எடுக்கும். சில வண்டிகளில் பார் போட்டதும் தொண்ணூறு சதவீதம் போய்விடுகிறது, சிலவற்றில் ஒரு ஷாக்கை ஆக்சிலுக்கு முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் சாய்த்து வைத்த பிறகுதான் அடங்குகிறது. எதுவானாலும், ஒரு தடவை எஸ் வடிவத்துக்குப் போய் வந்த பட்டைகள் பழைய வளைவில் இருக்காது. கழற்றித் தரையில் வைத்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் இருந்தால் பாரோடு சேர்த்து அவற்றையும் மாற்றுங்கள்.

முன் ஆக்சிலுக்கும் வேண்டுமா என்று அடுத்து கேட்பீர்கள். ஏறும்போது முன்பக்கச் சுமை குறைவதால் அங்கே முன்னோக்கிய முறுக்கு குறைவு. பிரேக்கிலும், ரிவர்ஸில் ஏறும்போதும்தான் முன் பினியன் எழும்பும். எஞ்சின் சம்ப், எக்ஸாஸ்ட், ஸ்டீயரிங் தண்டுகள் எல்லாம் இருக்கும் இடத்தில் பார் வைப்பது கடினமான வேலை. பின்பக்கத்தை முடித்துவிட்டு அதே கேமராவை முன்னால் கட்டிப் பாருங்கள், தேவை என்று தெரிந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்த அன்றே பட்டறையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். ஒரு பின்சக்கரத்தை ஜாக்கில் முழுசாக ஏற்றி, மற்றதை முழுசாகத் தொங்கவிட்டு, பார், ஷாக்கிள், பிரேக் ஹோஸ், எக்ஸாஸ்ட், டாங்க், புரொபெல்லர் ஷாஃப்ட் எல்லாவற்றுக்கும் இடையே ஒரு விரலாவது போகிறதா என்று பாருங்கள். பிறகு பக்கம் மாற்றி ஒரு தடவை. ஒவ்வொரு நட்டிலும் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஏற்றத்துக்குப் பிறகு யூ போல்ட்டுகளையும் பார் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள், பிராக்கெட் வெல்டின் ஓரத்தைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். முடியளவு கோடு தெரிந்தாலும் ஓட்டாதீர்கள், படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.